கும்மிப் பாட்டுக்கு வீடியோ எடுக்கப் போகிறீர்களா? களத்திலும் எடிட்டிங்கிலும் நான் கற்றவை

சொந்தமாகப் பாட்டு போட்டு யூடியூபில் வெளியிடுகிறவர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பதும் எடிட் செய்து கொடுப்பதும் என் தொழில். இருப்பது கோயம்புத்தூர். வேலை பொள்ளாச்சி, உடுமலை, கோபி, பவானி என்று சுற்றிச் சுற்றி வரும். இப்போதெல்லாம் வருகிற பாட்டுகளில் பாதிக்கு மேல் வள்ளி கும்மி, துடும்பு மேளம், பெருஞ்சலங்கை ஆட்டம் என்று நம்ம பக்கத்துக் கலைகள்தான். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்த கோவை மாவட்டத்து பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று ஊருக்கு ஊர் கும்மிக் குழு இருக்கிறது. அம்மாவும் மகளும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆட்டத்தை ஒழுங்காகப் படம் பிடிக்க வேண்டும் என்ற பொறுப்பு எனக்குக் கூடிக்கொண்டேதான் போகிறது.

ஸ்லோமோஷன், ஸ்பீட் ரேம்ப் (ஒரே ஷாட்டுக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது), விப் பேன் (கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்புவது), ஜம்ப் கட் (ஒரே ஷாட்டின் நடுவில் துண்டை வெட்டித் தாவுவது) என்று எதை எடுத்தாலும் கற்றுக்கொடுக்க இணையத்தில் ஆயிரம் வீடியோ உண்டு. ஆனால் எந்த இடத்தில் எது வேண்டும் என்பதைப் பாட்டின் தாளமும் ஆடுகிறவர்களின் காலும்தான் சொல்ல முடியும். அதுவும் ஷூட்டிங் போவதற்கு முன்பே சொல்லிவிடும். எடிட்டிங்கில் உட்கார்ந்து எஃபெக்ட் சேர்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிப் போனால் கும்மி காணாமல் போய், எஃபெக்ட் மட்டும்தான் கண்ணில் நிற்கும்.

பாட்டுக் கோப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்டுடியோவிலிருந்து வந்த பாட்டை அப்படியே போனில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போகாதீர்கள். முந்தைய நாளே அதைப் பல பதிப்பாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு தொடங்கும் முன் ஒரு நொடி இடைவெளியில் மூன்று பீப். ஆடுகிறவர்கள் தயாராக அதுதான் கணக்கு. எடிட்டிங்கில் ஒலியைச் சேர்த்துப் பொருத்தவும் அதுதான் அடையாளம். பல்லவிக்கு ஒன்று, ஒவ்வொரு சரணத்துக்கும் ஒன்று, இடையிசைக்கு ஒன்று என்று தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றின் முன்னாலும் "ரெண்டாவது சரணம்" என்று குரலில் சொல்லிப் பதிந்து வையுங்கள். இருபது பேரை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, போன் திரையில் விரலால் இழுத்து இழுத்துச் சரணத்தைத் தேடுவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை. சினிமா செட்டில் பாட்டு ஓட்டுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. "நாகரா" என்று சத்தம் கொடுத்தால் பாட்டு ஓடும். நம்முடைய சின்ன யூனிட்டிலும் அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் பாட்டின் நேரம் ஓடுகிற போன் திரையைக் கேமராவில் ஒரு கணம் காட்டிவிட்டால், எந்தத் துண்டு பாட்டின் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பிறகு தேடவே வேண்டாம். கேமரா மைக்கை எந்தக் காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். அந்தக் கரகரப்பான ஒலிதான் எல்லா ஷாட்டையும் பாட்டோடு ஒட்டவைக்கப் போகிறது.

அடுத்தது ஸ்பீக்கர். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். பெரிய மைதானத்தில் ஒரு ஓரத்தில் ஸ்பீக்கரை வைத்தால், 35 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் கேட்கும். நொடிக்கு 25 ஃபிரேமில், அதாவது 25 படமாக, எடுக்கிறோம் என்றால் அது இரண்டரை ஃபிரேம். ஒருவரை மட்டும் காட்டும்போது இது தெரியாது. நூறு பேர் ஒன்றாகக் கைதட்டுவதை வைடு ஷாட்டில் காட்டும்போது பளிச்சென்று தெரியும். இந்தக் கோடியில் தட்டிய கை அந்தக் கோடிக்கு அலை மாதிரி போய்ச் சேரும். குழு சரியாக ஆடவில்லை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், பழி அவர்கள் மேல் விழும். வட்டத்தின் நடுவில் ஸ்பீக்கரை வையுங்கள். நடுவிலிருந்து எல்லோரும் ஒரே தூரத்தில் இருப்பதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். குத்துவிளக்கு வைக்கிற மேடைக்கு அடியிலோ, தென்னங்குருத்துத் தோரணத்துக்குப் பின்னாலோ மறைத்துவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் தேவைப்பட்டால் வயர் போட்டே இணையுங்கள். இரண்டு வேறு புளூடூத் ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் பாடும் என்று நம்ப முடியாது.

வட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கும்மியைப் படம் எடுப்பதில் எனக்குப் பெரிய பாடமே அங்கேதான். குழு இடமிருந்து வலமாக உங்கள் முன்னால் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் வலப்பக்கம் போவார்கள், எதிர்க்கோடியில் இருப்பவர்கள் இடப்பக்கம் போவார்கள். இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குள் போய் அதே ஆட்களைப் பாருங்கள்: வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் இடப்பக்கம் போகிறார்கள். வெளியிலிருந்து எடுத்த ஷாட்டையும் உள்ளிருந்து எடுத்த ஷாட்டையும் அடுத்தடுத்து வைத்தால், ஆட்டமே திடீரென்று திரும்பிவிட்டது போலிருக்கும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, கண் மட்டும் ஒரு கணம் தடுமாறும். இதற்கு மூன்று வழி வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து கேமரா வெளியிலிருந்து உள்ளே போவதை ஒரே ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்வது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நேர் மேலிருந்து எடுத்த டாப் ஆங்கிளைப் போடுவது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது: கைதட்டலின் குளோஸ்அப். இரண்டு உள்ளங்கை சேர்கிற அந்தக் கணத்துக்கு வலமும் கிடையாது, இடமும் கிடையாது. அதை வைத்துவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். எந்தக் கும்மி ஷூட்டாக இருந்தாலும் கைக்கும் காலுக்கும் மட்டும் தனியாக ஒரு முழுப் பாட்டை ஓட்டி எடுத்துவிடுவேன். வெடிப்பு விழுந்த குதிகாலும், அதில் கட்டிய சலங்கையும், களத்து மண்ணில் அந்தக் கால் விழுகிற விதமும் அப்போதுதான் கிடைக்கும்.

சரி, ஸ்லோமோஷன். எல்லோரும் கேட்பது இதுதான். உதடு பாட்டோடு சரியாக ஒட்ட வேண்டும், ஆனால் உடல் மட்டும் மெதுவாக, மிதப்பது போல் இருக்க வேண்டும். இதற்கான தந்திரம் பழையது. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, பாடுகிறவரும் அதே வேகத்தில் வாயசைக்க, நொடிக்கு 50 ஃபிரேமில் எடுக்க வேண்டும். அதை 25 ஃபிரேமில் ஓட்டினால் வேகம் பாதியாகும், உதடு அசல் பாட்டுக்கு வந்து சேரும், முடியும் துணியும் மட்டும் மெதுவாக அசையும். வேகத்தைக் கூட்டும்போது சுருதி மாறாமல் கூட்டிக்கொள்ளுங்கள். கீச்சுக் குரலுக்கு வாயசைப்பது பாடகர்களுக்குக் கஷ்டம்.

ஒற்றைப் பாடகர், மெதுவான வரி என்றால் இது அருமையாக வரும். கும்மிக் குழுவுக்கு வராது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஷூட்டில், தயாரிப்பவர் கட்டாயப்படுத்தினார் என்று இரட்டை வேகத்தில் பாட்டை ஓட்டிக் காட்டினேன். குழுவில் மூத்த அம்மா ஒருவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார்: "ஏனுங் தம்பி, பாட்டு இப்படிப் பறந்தா காலு எப்படிங் கூடப் போவும்?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கும்மியில் கால் ஒரு கணக்கு, கை ஒரு கணக்கு. இரட்டை வேகத்தில் அந்தக் கணக்கு அழிந்துவிடும்; பிறகு எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் திரும்பி வராது.

அங்கே இரண்டு வேலை செய்தோம். உதடு தெரிகிற ஷாட்டுக்குப் பாட்டை 1.2 மடங்கு மட்டும் வேகமாக ஓட்டி 30 ஃபிரேமில் எடுத்தோம். கொஞ்சம் சுறுசுறுப்பாக ஆடினால் போதும், அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. 25 ஃபிரேமில் ஓட்டும்போது புடவை மடிப்பில் ஒரு மென்மை வந்துவிடும், ஸ்லோமோஷன் என்று யாருக்கும் தோன்றாது. கால் மட்டும், கை மட்டும் தெரிகிற ஷாட்டுக்குப் பாட்டைச் சாதாரண வேகத்திலேயே விட்டு 50 ஃபிரேமில் எடுத்தோம். இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. வேகம் சரியாகப் பாதியாகும்போது, தட்டுக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு) ஒன்றாக விழுந்த அடி இரண்டு தட்டுக்கு ஒன்றாக விழும். அதாவது மெதுவாகப் போனாலும் தாளத்தில்தான் நிற்கும். 100 ஃபிரேமில் எடுத்தால் நாலு தட்டுக்கு ஒரு அடி. அதே காலை 60 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டிப் பாருங்கள், அடி தட்டுக்கு நடுவில் எங்கேயோ போய் விழும். கேமராவில் 60 இருக்கிறதே என்று அதில் எடுத்துவிட்டு, மெதுவாக்கின ஷாட் ஏன் பாட்டோடு ஒட்டவில்லை என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். காரணம் இவ்வளவுதான்.

ஃபிரேம் கணக்கை 25இல் வைப்பதற்கு இன்னொரு காரணம் நம்ம ஊர் கரண்ட். அது 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, நொடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று வைத்தால் அந்த மினுக்கம் படத்தில் ஏறாது. 25 ஃபிரேமுக்கு 50இல் ஒரு பங்கு, 50 ஃபிரேமுக்கு 100இல் ஒரு பங்கு: அசைவு இயல்பாகத் தெரிவதற்கான ஷட்டர் கணக்கும் இதுவேதான். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் எடுக்கும்போதும், கோயில் நோன்பி (திருவிழா) ராத்திரியில் சீரியல் செட் வெளிச்சத்தில் எடுக்கும்போதும் இது உயிர் காக்கும். பேட்டரியில் ஓடுகிற சின்ன எல்இடி பேனல்கள் சிலவற்றில் வெளிச்சத்தைக் குறைத்தால் மினுக்கம் வரும்; அவற்றை முழு வெளிச்சத்தில் எரியவிட்டுத் தள்ளி வைப்பது நல்லது.

வெளியில் எடுப்பதற்குக் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் எடுத்தவர்களுக்குத் தெரியும். பாடுகிறவரை மேற்குப் பார்த்து நிறுத்துங்கள். காற்று முகத்தில் அடித்து முடியும் முந்தானையும் பின்னால் பறக்கும். வாயில் வந்து விழாது. காலையில் இப்படி நிறுத்தினால் கிழக்குச் சூரியன் முதுகுப்பக்கம் வந்து தோளிலும் தலையிலும் ஒரு வெளிச்சக் கோடு போடும், முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மாகோல் பிடித்தால் போதும். ஸ்பீக்கரும் காற்று வருகிற பக்கம் இருக்கட்டும். எதிர்க்காற்றில் பாட்டு கேட்காது. தென்னந்தோப்பு எல்லோருக்கும் ஆசை. ஆனால் பத்து மணிக்கு மேல் ஓலை வழியாக விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக இருக்கும், அதோடு பச்சை நிறம் தோலில் ஏறும். கலர் கரெக்ஷனில் பச்சையை எடுத்தால் ஓலையும் செத்துப்போகும். தோப்பில் எட்டரைக்குள் முடித்துவிட்டு உச்சி வெயிலுக்கு, நடுவில் திறந்த முற்றம் இருக்கிற தொட்டிக்கட்டு வீட்டுக்குள் போய்விடுவோம். முற்றத்தில் விழுகிற வெயில் தரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் பட்டு ஆசாரத்துக்குள் (கூடத்துக்குள்) வந்து சேரும்போது, எந்த விளக்கும் தராத வெளிச்சம் அது.

துடும்புக்காரர்களை எடுப்பது வேறு மாதிரி. அவர்கள் அடிக்கத் தொடங்கினால் பாட்டு யாருக்கும் கேட்காது. சத்தம் குறைய மெதுவாக அடிக்கச் சொல்கிற இயக்குநர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதமே இல்லை. மெதுவாக அடித்தால் கை உயராது, தோள் இறுகாது, முகத்தில் அந்த வீச்சு வராது. பார்க்கிறவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். முன்னால் நிற்கிற ஒருவர் காதில் மட்டும் இயர்போன் வைத்துப் பாட்டை ஓட்டுங்கள், மற்றவர்கள் அவர் கையைப் பார்த்து முழு பலத்தோடு அடிக்கட்டும். தலைமுறையாகக் கண்ணைப் பார்த்து அடித்தே பழகினவர்கள். தாளம் விலகாது.

நெசவு, அறுவடை, மஞ்சள் காயவைப்பது போன்ற வேலைகளைப் பாட்டுக்கு நடுவில் காட்டும்போது, வேலை செய்கிறவர்களைப் பாட்டுக்கு ஏற்றபடி செய்யச் சொல்லாதீர்கள். பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர் கையில் ஏற்கெனவே ஒரு தாளம் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து எண்ணிப் பாருங்கள். நூலை இறுக்குகிற அடி நிமிடத்துக்கு 23 விழுகிறது, பாட்டு நிமிடத்துக்கு 100 தட்டு என்றால், நாலு தட்டுக்கு ஒரு அடி என்று 25 வேண்டும். ஷாட்டின் வேகத்தை 9 சதவீதம் போலக் கூட்டினால் பொருந்திவிடும். யாருக்கும் தெரியாது, நெசவாளரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஒரே பாடகரை ஒரே வரிக்குள் வாய்க்கால் கரையில், பஸ் ஸ்டாண்டில், தறிக்கூடத்தில் என்று மாற்றி மாற்றிக் காட்டுவது பாட்டு வீடியோவின் அடிப்படை உத்தி. இடம் மாறினாலும் உடை மாறினாலும் உதடு பாட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் கண் கேள்வி கேட்காது. இந்த வசதி முதலில் இருக்கவில்லை. பேசும்படம் வந்த புதிதில் நடிகர்களே கேமரா முன்னால் பாடினார்கள், வாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே ஒளிந்து உட்கார்ந்து வாசித்தார்கள். கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ தொடங்கிய 1930களில்தான் மெல்ல மெல்லப் பின்னணிப் பாட்டு முறை வந்து, பாடுகிறவரும் ஆடுகிறவரும் கேமராவும் தனித்தனியாக நகர முடிந்தது. நாம் இன்று செய்கிற அத்தனை வெட்டும் ஒட்டும் அதற்குப் பிறகுதான். இப்படி இடம் மாற்றிக் காட்டுவதற்காக ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் எடுக்க நேரமிருக்காது. இந்த இடத்துக்குப் பல்லவியும் இரண்டாம் சரணமும், அந்த இடத்துக்கு முதல் சரணம் என்று முன்பே எழுதிக்கொண்டு போங்கள். பல்லவியை மட்டும் எல்லா இடத்திலும் எடுத்து வையுங்கள், திரும்பத் திரும்ப வருவது அதுதான்.

எடிட்டிங்கில் நான் முதலில் செய்வது, தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுகிற வைடு ஷாட்டைக் கீழே போட்டு, மற்ற டேக் எல்லாவற்றையும் பாட்டோடு ஒட்டி அதன் மேல் அடுக்குவது. பிறகு எதையும் வெட்டாமல் பாட்டை முழுதாகப் பார்ப்பேன். கீழே இருக்கிற வைடு ஷாட்டே நன்றாக இருக்கிற இடங்களைக் குறித்துக்கொள்வேன். அந்த இடங்களைத் தொடமாட்டேன். நிமிடத்துக்கு 100 தட்டு ஓடுகிற பாட்டில் ஒரு தட்டுக்கு 15 ஃபிரேம்; தட்டுக்கு ஒரு ஷாட் என்று வெட்டினால் எட்டு ஷாட்டுக்குள் கண் சோர்ந்துவிடும், அடவு (கால், கை அசைவுகளின் ஒரு முழு வரிசை) ஒன்றும் தெரியாது. கும்மியில் ஒரு அடவு சுற்றி வந்து முடிய எத்தனை தட்டு ஆகிறது என்று குழுவின் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தடவையாவது அந்த முழுச் சுற்றும் வெட்டில்லாமல் போகட்டும், அதற்கப்புறம் துண்டு துண்டாகக் காட்டினாலும் பார்க்கிறவர் மனதில் முழு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

வெட்டு தட்டின் மேலேயே விழவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்று இரண்டு ஃபிரேம் முன்னால் வெட்டிப் பாருங்கள். புதுப் படத்தைக் கண் வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும், வாங்கி முடிக்கவும் தட்டு விழவும் சரியாக இருக்கும். அதைவிட நல்லது அசைவில் வெட்டுவது: ஒரு ஷாட்டில் கை உயர்கிறது, அடுத்த ஷாட்டில் கை சேர்கிறது. ஸ்பீட் ரேம்ப் போடுவதாக இருந்தால் இடையிசையில் போடுங்கள். பாடல் வரி ஓடும்போது வேகத்தை மாற்றினால் உதடு போய்விடும், காலும் தாளத்தை விட்டுவிடும்.

டிரோனுக்கு ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருப்பதால் நகரைச் சுற்றிப் பல இடங்களில் பறக்கவிட முடியாது. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்கவே எடுக்காதீர்கள். களத்தில் தாழப் பறக்கவிட்டால் புழுதி கிளம்பி ஆடுகிறவர்கள் கண்ணில் விழும், அதன் இரைச்சலில் பாட்டும் கேட்காது. மேலிருந்து வட்டம் முழுதாகத் தெரிகிற ஒரு ஷாட், அப்புறம் இறக்கிவிடலாம்.

அந்த மேல் ஷாட் இன்னொன்றுக்கும் உதவும். இப்போது எல்லோரும் போனுக்காக 9:16 என்ற நிமிர்ந்த அளவிலும் கேட்கிறார்கள். வைடு ஷாட்டை நடுவில் வெட்டினால் குழுவில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஆடின ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தேடித்தான் அந்த வீடியோவைப் பார்ப்பார்கள். அதனால் டாப் ஆங்கிளையும் கால் குளோஸ்அப்பையும் நிமிர்ந்த அளவுக்கென்று தனியாக எடுத்துக்கொண்டு, வரிசையாக நிற்பவர்களை ஒரு கோடியிலிருந்து ஆழமாகப் பார்க்கிற மாதிரி ஒரு ஷாட்டும் எடுத்துவிடுவேன். அந்தக் கோணத்தில் இருபது முகமும் நிமிர்ந்த சட்டத்துக்குள் அடங்கும். வீடியோ வெளியாகும் முன், பாட்டைக் கட்டிய கும்மி ஆசிரியரின் பெயரும் ஆடிய எல்லோர் பெயரும் எழுத்துப்பிழை இல்லாமல் திரையில் வருகிறதா என்று குழுவிடமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாட்டின் வரிகள் அந்த ஆசிரியருடையவை என்றால், வெளியிட எழுத்தில் சம்மதமும் வாங்கி வையுங்கள்.